கராஜ் அட்டாலிக்கு ஒரு ஃபேன் வேண்டுமா?



ஹூஸ்டனுக்கு மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. "சார், உடம்புக்கு ஏதாவதா? ஒரு பதிவையும் காணோமே?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ஃபேன் விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான பதிவு இது. நாற்பது நிமிடப் பாடவேளையில் பேசிப் பழகியவனுக்குச் சுருக்கமாக எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் இந்தத் தெருவில் ஒரு கூரைக்காரர் வீடு வீடாக வந்தார். ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டிருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்வாராம். ஏணி போட்டு ஏறி இறங்கியவர், கூரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கராஜுக்கு மேலே உள்ள அட்டிக் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது, உடனே ஒரு மின்விசிறி வைத்துச் சூட்டை வெளியேற்றினால்தான் கூரை தாங்கும் என்றார். கூலியும் சாமானும் சேர்த்து 900 டாலர்.

அட்டிக் என்றால் கூரைச் சரிவுக்கும் மேல்தளப் பலகைக்கும் இடையில் கிடக்கிற முக்கோண இடம். நம் கோபிப் பக்கத்து அட்டாலிதான், வீட்டளவுக்குப் பெரிதாக இருக்கும். (அட்டிக், அட்டாலி இரண்டும் ஒரே வேர்ச்சொல்லா என்று பேரன் கேட்டான். கிடையாது. அட்டிக் என்பது கிரேக்க நாட்டின் அட்டிகா பகுதியின் கட்டடப் பாணியிலிருந்து வந்த பெயர். ஒலி ஒற்றுமை தற்செயல்.)

மாப்பிள்ளை சாயங்காலம் வந்ததும் சொன்னார்: "போட்டுடலாமுங்க மாமா. 900 டாலர்தானே, கூரை போச்சுன்னா இருபதாயிரமுங்க." எனக்கும் அது சரியென்றே பட்டது. அப்போதுதான் மகள் சமையல்கட்டிலிருந்து மெதுவாக, "அப்பா, அம்மாவோட கேசட்டுப் பொட்டி அங்கதானுங்கப்பா இருக்கு" என்றாள்.

உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் டீச்சரம்மா போய் இது பத்தாவது வருஷம். 1980-களில் எங்கள் வீட்டில் ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டர் இருந்தது. நவராத்திரிக்கு அவள் பாடியது, பிள்ளைகளின் மழலை, ஒரு முறை நான் தெரியாமல் பதிவு செய்த எங்கள் சண்டை ஒன்று கூட, எல்லாமாக 14 கேசட்டுகள். கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று 2017-ல் மகள் எடுத்து வந்தாள். வேலை, பிள்ளை, வீடு மாற்றம் என்று நாள் ஓடிவிட்டது. பெட்டி கராஜ் அட்டாலிக்குப் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே அழுதுவிட்டாள்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, மடக்கு ஏணியை இழுத்துவிட்டு, பேரனுடைய சமையல் தெர்மாமீட்டரைக் கம்பியோடு மேலே விட்டுப் பார்த்தேன். வெளியே நிழலில் 97 டிகிரி ஃபாரன்ஹீட். அட்டிக்கில் 128. நம் கணக்கில் 53 டிகிரி செல்சியஸ். கார் டாஷ்போர்டில் கேசட்டை மறந்துவிட்டுப் போனவர்களுக்கு அது என்ன ஆகும் என்று தெரியும். பெட்டியை அன்றே கீழே இறக்கிவிட்டோம். அதற்குப் பிறகுதான் ஃபேன் வேண்டுமா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்க முடிந்தது.

கூரைக்காரரிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். "மூச்சுவிட முடியவில்லை என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?" அவர், தரைப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு திறப்பு இருக்க வேண்டும், அது விதி என்றார். ஏன் முந்நூறு என்றேன். "விதி அப்படி" என்று சிரித்தார். முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு இது போதாது. எந்த விதியைக் காட்டினாலும் அது எந்த வருஷம், எந்த ஊரில், எந்தத் தொல்லைக்காக எழுதப்பட்டது என்று கேட்கச் சொல்லி உங்களைப் பாடாய்ப் படுத்தியவன் நான். ஆகவே உட்கார்ந்து படித்தேன். மகளுக்கு நூலக அட்டை இருக்கிறது. எனக்கு நேரம் இருக்கிறது.

முதலில் ஒன்று. அமெரிக்காவின் பழைய மரவீடுகளுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. சுவரில் இண்டு, கூரையில் இண்டு. இடைவெளி விட்டு அடித்த சட்டங்களின் மேல் மர ஓடுகளை வேய்ந்த கூரை, நம் நாட்டு ஓட்டு வீட்டைப் போலத் தானாகவே மூச்சுவிடும். குளிர்காலத்தில் அடுப்பு நாள் முழுக்க எரியும், சூடு கூரை வழியே போய்க்கொண்டே இருக்கும், மரம் காய்ந்தே இருக்கும். வீட்டுக்காரருக்கு விறகுச் செலவு, கூரைக்கு ஆயுசு.

1920-களிலும் 30-களிலும் வீட்டைச் சூடாக வைத்திருக்கச் சுவருக்குள்ளும் மேல்தளத்தின் மீதும் பஞ்சு போன்ற வெப்பத்தடுப்புப் பொருளைத் திணிக்கும் பழக்கம் பரவியது. இன்சுலேஷன் என்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் குளிர்ந்த வட மாநிலங்களில் ஒரு வினோதம் நடந்தது. பஞ்சு திணித்த வீடுகளின் வெளிச்சுவரில் பெயிண்ட் உரிந்து விழுந்தது. பெயிண்டர்கள் பஞ்சு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்லி, அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கவே தயங்கினார்கள். பஞ்சு விற்றவர்கள் அதெல்லாம் இல்லை என்றார்கள். கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் வந்து சொன்ன விளக்கம் இது: சமையல், குளியல், மனித மூச்சு ஆகியவற்றின் ஈரம் வீட்டுக் காற்றில் இருக்கிறது. பஞ்சு வந்தபின் சுவரின் வெளிப்பலகைக்கும் கூரைப் பலகைக்கும் உள்ளிருந்து சூடு வந்து சேர்வதில்லை. அவை பனிபோல் குளிர்ந்து கிடக்கின்றன. உள்ளே கசியும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த மரத்தில் பட்டு வியர்க்கிறது. ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான்.

1938 மார்ச்சில் டைலர் ஸ்டூவர்ட் ரோஜர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 'ஆர்க்கிடெக்சுரல் ரெக்கார்ட்' இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ரௌலி என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். குளிரூட்டிய ஆய்வறைக்குள் சின்ன மாதிரி வீடுகளை வைத்து, அட்டிக்கில் திறப்பு வைத்தால் உறைபனி எவ்வளவு படிகிறது, வைக்காவிட்டால் எவ்வளவு என்று பார்த்தார்கள். திறப்பு வைத்தால் குறைந்தது. மினசோட்டாவின் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே எம்.எஸ். படிக்கும் நம் 2014 பேட்ச் பையன் பின்னூட்டத்தில் எழுதட்டும்.

இதற்கிடையில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1929 பொருளாதார வீழ்ச்சியில் ஜனங்கள் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தார்கள். 1934-ல் ரூஸ்வெல்ட் அரசு ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் 'நியூ டீல்' நடத்தும்போது பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஓடியிருப்பேன், மன்னிக்கவும். அது நேரடியாகக் கடன் தராது. வங்கி தரும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும். உத்தரவாதம் தருகிறவன் வீடு உருப்படியாக இருக்கிறதா என்று கேட்பான் அல்லவா? அதற்காகக் குறைந்தபட்சக் கட்டுமான விதிகளை அச்சடித்தார்கள். 1942 ஜனவரியில் வந்த விதிப்புத்தகத்தில்தான் அட்டிக்குக்கு முந்நூறில் ஒரு பங்கு திறப்பு என்ற எண் வருகிறது.

அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் எந்த ஆதாரமும் காட்டப்படவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரோஸ் என்ற ஆய்வாளர் இதைத் தோண்டித் துருவி எழுதியிருக்கிறார். 2005-ல் 'வாட்டர் இன் பில்டிங்ஸ்' என்று புத்தகமே போட்டார். கட்டடத்தில் ஈரம் என்ற விஷயத்தை வரலாற்றுக்காரனைப் போல மூலம் தேடிப் போய்ப் பார்த்த மனிதர். அவர் எழுத்தைப் படித்தபோது, ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த நல்ல ஆசிரியர் என்று தோன்றியது.

போர் முடிந்தது. திரும்பி வந்த வீரர்களுக்கு லட்சக்கணக்கில் வீடுகள் எழும்பின. நியூயார்க் அருகே லெவிட்டவுன் 1947-ல் தொடங்கியது இப்படித்தான். (அந்த முதல் வீடுகளுக்கு அட்டிக் உண்டு, கராஜ் கிடையாது!) அரசு உத்தரவாதக் கடன் வேண்டுமென்றால் அரசு விதிப்படி கட்ட வேண்டும். ஆகவே வட மாநிலங்களின் குளிரை மனதில் வைத்துப் பிறந்த எண் ஃப்ளோரிடாவுக்கும் டெக்சஸுக்கும் போயிற்று. பிறகு மாநிலங்களின் கட்டட விதிகளுக்குள் புகுந்தது. இன்றைய விதியில் பொதுவாக நூற்றைம்பதில் ஒரு பங்கு, சில நிபந்தனைகள் நிறைவேறினால் முந்நூறில் ஒரு பங்கு. கூரை ஓடு தயாரிக்கும் கம்பெனிகளும் உத்தரவாதச் சீட்டில் அதையே கேட்கின்றன. பரவப் பரவ அதன் காரணமும் மாறிவிட்டது. குளிர்கால ஈரத்துக்காகப் பிறந்த எண் இப்போது கோடைச் சூட்டுக்கு மருந்தாகச் சொல்லப்படுகிறது.

இதுவரை சொன்னது திறப்பின் கதை. ஃபேனின் கதை வேறு.

வெண்டிலேட்டர் என்ற சொல்லே முதலில் ஒரு மனிதனைக் குறித்தது என்றால் நம்புவீர்களா? 1730-களில் லண்டன் நாடாளுமன்றத்தின் கெட்ட காற்றை வெளியேற்ற டெசாகுலியர்ஸ் என்ற அறிஞர் கையால் சுற்றும் ஒரு பெரிய சக்கர விசிறியை வைத்தார். அதைச் சுற்றிய வேலையாளைத்தான் அவர் வெண்டிலேட்டர் என்றார். மனிதர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, மேலே ஒருவன் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தான். நம் ஊர் பங்கா இழுத்தவர்களின் வெள்ளைக்காரச் சகோதரன்.

அமெரிக்கத் தெற்கில், ஏ.சி. வீடுகளுக்கு வருவதற்கு முன், 'அட்டிக் ஃபேன்' என்றால் நடைபாதையின் மேல்தளத்தில் பதித்த ஆளுயர விசிறி. எதிர்வீட்டு அம்மையாருக்கு எண்பத்திரண்டு வயது. மாலையில் நான் நடக்கும்போது பேச்சுக் கொடுப்பார். அவர் சிறுமியாக இருந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்ததாம். பகலெல்லாம் சன்னலைச் சாத்தி, திரை போட்டு வைப்பார்கள். பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் எல்லாச் சன்னலையும் திறந்து அப்பா சுவிட்சைப் போடுவார். விமானம் கிளம்புவது போல் சத்தம். திரைச்சீலைகள் எல்லாம் உள்பக்கமாக எழும்பும். கட்டில்களைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுப் படுப்பார்களாம். வீட்டின் சூடான காற்று முழுவதும் அட்டிக்குக்குள் தள்ளப்பட்டு, அதன் திறப்புகள் வழியே வெளியே போகும். இரவுக் குளிர் வீட்டுக்குள் வரும். அந்த ஃபேன் குளிர்வித்தது மனிதர்களை. அட்டிக் அதற்கு வெறும் வழி.

வில்லிஸ் கேரியர் 1902-ல் புரூக்ளின் அச்சகத்துக்காக வடிவமைத்த ஏ.சி., போருக்குப் பின் வீடுகளுக்குள் வந்தது. தெற்கத்திய வாழ்க்கையை அது எப்படிப் புரட்டிப்போட்டது என்று ரேமண்ட் ஆர்செனால்ட் என்ற வரலாற்றாசிரியர் 1984-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வாசலில் உட்கார்ந்து பேசுவது குறைந்தது, உயர்ந்த மேல்தளங்கள் தாழ்ந்தன, சன்னல்கள் மூடின. சன்னல் மூடியபின் பெரிய விசிறிக்கு வேலை இல்லை. ஆனால் அட்டிக் ஃபேன் என்ற பெயர் சாகவில்லை. விசிறி சிறுத்து, கூரையில் ஏறி, மூடிய வீட்டின் மேலே உள்ள அட்டிக் காற்றை மட்டும் வெளியே தள்ளும் சாதனமாக மாறியது. கூரைக்காரர் விற்க வந்தது இந்த ஃபேனைத்தான். (பெருந்துறை சிப்காட்டில் கம்பெனிக் கூரைகளின் மேல் பளபளவென்று தானாகச் சுற்றும் உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மின்சாரம் இல்லாத இதன் பங்காளிகள்.)

இந்தச் சின்ன ஃபேன் பயன் தருமா? ஃப்ளோரிடா சோலார் எனர்ஜி சென்டரில் 2000-ல் சூரிய மின்சாரத்தில் ஓடும் அட்டிக் ஃபேனை ஒரு வீட்டில் வைத்து அளந்து பார்த்தார்கள். உச்சி வெயிலில் அட்டிக் காற்றின் சூடு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் குறைந்தது. ஆனால் ஏ.சி. செலவில் மிச்சம் சுமார் 6 சதவீதம்தான். காரணம் எளிது. வெயிலில் காய்ந்த கூரைப் பலகை, தோசைக்கல் போலத் தன் சூட்டை நேராகக் கதிராகக் கீழே வீசுகிறது. காற்றை எவ்வளவு தள்ளினாலும் அந்தக் கதிர் காற்றுக்காகக் காத்திருக்காது. அதைத் தடுப்பது கீழே விரித்த பஞ்சும், கூரையின் அடியில் ஒட்டும் அலுமினியத் தாளும்தான். கூரை ஓட்டின் சூட்டைக்கூடக் காற்றோட்டத்தைவிட அதன் நிறமே அதிகம் தீர்மானிக்கிறது என்பது ரோஸ் தன் சோதனைக் கூரைகளில் கண்டது.

அது ஏ.சி. போட்ட வீட்டுக்கு. எங்கள் கேள்வி கராஜைப் பற்றியது. கராஜுக்கு ஏ.சி. கிடையாது, ஆகவே மிச்சம் பிடிக்க அங்கே மின்சாரமும் கிடையாது. கராஜ் சூடாவதற்கு முக்கியக் காரணங்கள், மேற்கு வெயிலில் காயும் தகரக் கதவும், அலுவலகத்திலிருந்து திரும்பிக் கொதித்துக்கொண்டே உள்ளே வந்து நிற்கும் இரண்டு கார்களும்.

இப்போது கணக்கு. பேரன் டேப் பிடித்தான், நான் எழுதினேன். கராஜ் 20 அடிக்கு 24 அடி, 480 சதுர அடி. முந்நூறால் வகுத்தால் 1.6 சதுர அடி, அதாவது சுமார் 230 சதுர அங்குலம். இதில் ஏறக்குறைய பாதி கீழே இறவாரத்தில், பாதி மேலே முகட்டில் இருக்க வேண்டும். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, மேலே சூடான காற்று போகும். முகட்டில் நீளமாகத் திறப்பு இருக்கிறது, தேவைக்கு மேலேயே. இறவாரத்தில் நான்கு வலைச் சன்னல்கள், ஒவ்வொன்றிலும் 56 சதுர அங்குலம் என்று முத்திரை குத்தியிருக்கிறது. மொத்தம் 224. தேவை 115. கணக்குப்படி தாராளம்.

மேலே தவழ்ந்து பார்த்தால் கதை வேறு. (மகள் விடவில்லை. மாப்பிள்ளை தவழ்ந்தார், காலையில் ஆறு மணிக்கு. நான் ஏணியில் நின்று டார்ச் அடித்தேன்.) ஒரு வலையில் குளவி மண்கூடு கட்டி முழுக்க அடைத்திருந்தது. இன்னொன்றின் மேல் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன கம்பளச் சுருள். மூன்றாவதை அடைத்திருந்தது எங்கள் சாமான்களேதான்: கொலுப் படிகள், பேரனின் தொட்டில், அந்தக் கேசட்டுப் பெட்டி இருந்த மூலை. திறந்திருந்தது ஒன்றே ஒன்று. 56 சதுர அங்குலம்.

மூச்சுவிடவில்லை என்று கூரைக்காரர் சொன்னது பொய்யில்லை. நோய் சரி, மருந்துதான் தப்பு. எப்படி என்று சொல்கிறேன், இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் பிள்ளைகள் முக்கியமாக.

அவர் சொன்ன ஃபேன் நிமிடத்துக்கு 1,200 கன அடி காற்றை இழுக்கும். ஃபேன் செய்பவர்களே சொல்லும் கணக்கு, 300 கன அடிக்கு ஒரு சதுர அடி நுழைவாயில் வேண்டும் என்பது. (இந்த 300 வேறு, அந்த 300 வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்படியானால் 4 சதுர அடி, 576 சதுர அங்குலம். நான்கு வலையையும் திறந்தாலே 224தான். மீதிக் காற்று எங்கிருந்து வரும்? பக்கத்திலேயே இருக்கும் முகட்டுத் திறப்பிலிருந்து கொஞ்சம் வரும். ஃபேன் அதை உள்ளே இழுத்து அப்படியே வெளியே தள்ளும், வாசலில் பெருக்கிய குப்பையைத் திரும்ப வாசலிலேயே கொட்டுவது போல. மிச்சம், மடக்கு ஏணியைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகக் கீழே கராஜிலிருந்து வரும்.

அந்தக் கராஜின் மூலையில்தான் கேஸ் வாட்டர் ஹீட்டர் நிற்கிறது. தரையிலிருந்து 18 அங்குல மேடையில், பழைய ரகம். அதன் புகைக்குழாயில் விசிறி எதுவும் கிடையாது. சூடான புகை தானாக மேலே ஏறும் மெல்லிய பலம் ஒன்றையே நம்பி இருக்கிறது. கதவுகள் மூடிய கராஜிலிருந்து மேலே ஒரு ஃபேன் காற்றை உறிஞ்சினால், அந்தக் குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கலாம். புகை வெளியே போகாமல் கராஜுக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமில்லை, மணமில்லை. கராஜிலிருந்து சமையல்கட்டுக்குப் போகிற கதவை இந்த வீட்டில் ஒரு நாளைக்கு இருபது முறை திறக்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்து அறையில்தான் பேரன் தூங்குகிறான்.

இதை மாப்பிள்ளையிடம் தாளில் படம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாமுங்க மாமா" என்றார். கூரைக்காரர் ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கூரையைப் பார்க்க வந்தவர், தரையைப் பார்க்கவில்லை.

ஹூஸ்டனுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இது கடலோர ஊர், காற்றில் எப்போதும் பிசுபிசுப்பு. மினசோட்டாவில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போனது. இங்கே கோடையில் ஈரம் வெளியேதான் இருக்கிறது. இரவில் அட்டிக்குக்குள் வெளிக்காற்றை வலிந்து இழுத்தால், ஏ.சி. குழாய் அங்கே ஓடும் வீடுகளில் அந்தக் குளிர்ந்த குழாய் வியர்க்கும். ரௌலி எதைத் தடுக்கத் திறப்பு வைத்தாரோ, அதையே ஃபேன் வைத்து வரவழைப்பது போல. இதையெல்லாம் யோசித்துத்தான் 2006 விதிப்புத்தகத்தில், கூரையின் அடியிலேயே பஞ்சு ஒட்டித் திறப்பே இல்லாமல் மூடிய அட்டிக்குக்கும் சில நிபந்தனைகளோடு இடம் கொடுத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று அதற்கு.

ஃபேன் எங்குமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாக நிற்கும் கராஜ், கேஸ் அடுப்போ ஹீட்டரோ இல்லை, ஏணி இடுக்கை நன்றாக அடைத்தாயிற்று, இறவாரத்தில் போதுமான நுழைவாயில் இருக்கிறது, மேலே பட்டறை வைத்து மாலையில் வேலை செய்கிறீர்கள் என்றால் தெர்மோஸ்டாட்டோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தாளும் பேனாவும் எடுத்து வகுத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது இவ்வளவு. மூன்று வலைகளையும் சுத்தம் செய்தோம், செலவு பூஜ்யம், மாப்பிள்ளைக்குக் குளவி கொட்டியது ஒன்று. ஏணிக் கதவின் ஓரங்களுக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம். சமையல்கட்டுக் கதவுப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினோம், வீட்டில் இருந்த பழையது காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன வாரம் அதே மூன்று மணிக்கு அளந்தேன்: வெளியே 97, அட்டிக்கில் 122. வெறும் ஆறு டிகிரி. பேரனுக்கு ஏமாற்றம். "அப்பச்சி, ஃபேன் வச்சிருந்தா இன்னும் குறைஞ்சிருக்குமில்ல?" என்றான். குறைந்திருக்கும். ஃப்ளோரிடாக் கணக்குப்படியே 20 டிகிரி குறைந்தாலும் 108 இருக்கும். காலிப்பெட்டிக்கும் டிசம்பர் மரத்துக்கும் அது போதும். கேசட்டுக்கு 108-ம் ஆகாது, 128-ம் ஆகாது. ஒலிநாடாக்களைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைப்பதுதான் காப்பகங்களின் வழக்கம். இப்போது அந்தப் பெட்டி வீட்டுக்குள், மகளின் புடவை அலமாரியில் இருக்கிறது.

14-ல் 11 கேசட்டுகள் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. மாப்பிள்ளை பழைய சாமான் கடையில் ஒரு ப்ளேயர் தேடி வாங்கி வந்தார். முதலில் போட்டது பாட்டு எதுவும் இல்லை. மகளுக்கு அவள் அம்மா வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள், பதினாறாம் வாய்ப்பாடு. பின்னால் பால்காரர் மணி கேட்கிறது, நான் யாரையோ சத்தம் போடுகிறேன். பேரன், "அம்மிச்சி குரல் இப்படியா?" என்று மூன்று தடவை ஓட்டிக் கேட்டான்.

மீதி மூன்றின் உறை நெளிந்துவிட்டது. சக்கரம் சுற்றவில்லை. அதில் ஒன்றின் மேல் 'நவராத்திரி 1986' என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது. உள்ளே நாடா நல்ல நிலையில் இருந்தால், அதை எடுத்து வேறு உறையில் மாற்றலாம் என்கிறார்கள். நான் கை வைக்கப் பயப்படுகிறேன். கோவையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் நம் 1998 பேட்ச் பையன் இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடு. செப்டம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். மூன்றையும் கைப்பையிலேயே வைத்து எடுத்து வருகிறேன்.